ஆறு மாச லீவு

பெரியநாயகம் சவப்பெட்டியின் மூடியை விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். பலாப்பழம் வாங்க வந்தவரின் தோரணை. அடுத்த பெட்டிக்குப் போய் அதையும் தட்டினார். சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் இருந்த அந்தக் கடைக்குள் வார்னிஷ் நாற்றம் மூக்கை அடைத்தது. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. அதற்குள், விடியற்காலையில் மாரடைப்பில் செத்துப்போன அவருடைய அண்ணன் தேவசிகாமணி வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

“இது பரவால்ல,” என்றார் பெரியநாயகம், பித்தளைப் பிடி போட்ட தேக்குப் பெட்டியின்மேல் கையை வைத்து. “அண்ணன் இருந்த இருப்புக்கு இந்த மாதிரியாவது வேணும் கண்ணு. ஏற்காடே தெரண்டு வரும்.”

தேவசிகாமணியின் ஒரே மகள் ஷெர்லின் விலையைக் கேட்டாள். கடைக்காரர் சொன்னார். அவள் சுவரோரம் சாத்தி வைத்திருந்த பலகைப் பெட்டியைக் காட்டினாள்.

“அதைக் குடுங்க.”

“ஏங் கண்ணு, காசு கையில இல்லீன்னா என்ன? கார்டத் தேய்ச்சுட்டுப் போ. மெதுவாக் கட்டிக்கலாம்.”

“எங்கிட்ட கார்டு இல்லீங்க சித்தப்பா.”

பெரியநாயகம் சிரித்தே விட்டார். பிறகு இடம் நினைவுக்கு வந்து வாயைத் துடைத்துக்கொண்டார். “கார்டு ஆபீஸ்லயே வேல பாக்கற. உங்கிட்ட கார்டு இல்லியா?”

“அங்க வேல பாக்கறதாலதான் இல்ல.”

பலகைப் பெட்டியை ஏற்றினார்கள். பெரியநாயகம் ஆம்புலன்ஸில் ஏறவில்லை. மலைப்பாதை வளைவுகளில் உடம்போடு உட்கார்ந்து போனால் தனக்குத் தலை சுற்றும் என்று சொல்லித் தன் காரில் பின்னால் வந்தார். அந்தக் காரின் நான்கு டயர்களும் அண்ணனின் கார்டில் வாங்கியவை. மாதாமாதம் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கினார். ஒரு மாதமும் கொடுக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அந்த டயர்கள் தரையை நன்றாகவே பிடித்துக்கொண்டு வந்தன.

அப்பாவின் முகத்தை ஷெர்லின் பார்க்காமலே வந்தாள். பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சாயம் பூசிய மீசை, எப்போதும் யாருக்கோ விருந்து வைக்கத் தயாராக இருக்கும் வாய். காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது தேவசிகாமணி கடன் வாங்கியதில்லை. அவருக்கு யாரும் கொடுத்ததில்லை என்பதே காரணம். எஸ்டேட் கைமாறி ரிசார்ட் ஆனதும் வேலை போனது. ஏரி ரோட்டுக்கு மேலே, மனைவி லூர்துசெல்விக்கு அவள் அப்பா எழுதி வைத்த வீட்டில், இரண்டு அறைகளை ஒதுக்கி டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். அப்போது ஒரு வங்கிக்காரன் பஜாரில் குடை விரித்து உட்கார்ந்து அவருக்கு ஒரு கார்டு கொடுத்தான்.

அன்றிலிருந்து அவர் பெரிய மனிதர். கட்டில், டி.வி., தண்ணீர் சூடாக்கும் பெட்டி என்று அறைகளுக்கு வாங்கியவற்றிலாவது ஒரு நியாயம் இருந்தது. கோயில் திருவிழாவுக்கு மைக் செட், பாடகர் குழுவுக்குக் கீபோர்டு, முன்பின் தெரியாதவன் மகள் கல்யாணத்துக்குக் குக்கர். எல்லாம் தேய்ப்புதான். மாதம் பிறந்ததும் மொத்த பாக்கியும் அதற்குக் கீழே, சின்னதாக, அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய மினிமம் தொகையும் குறுஞ்செய்தியாக வரும். மொத்தம் என்ற வரியை அவர் படித்ததே இல்லை. அது யாரோ வேறொருவருக்கு வந்த செய்தி என்பதுபோலத் தாண்டிப் போவார். மிஷன் பள்ளி ஹாஸ்டலில் சமையல் செய்யும் மனைவியிடம் வந்து நிற்பார்.

“செல்வி, மினிமம் மட்டும் குடு. மினிமம் கட்டிட்டா நம்ம பேரு சுத்தம்.”

அவளும் எண்ணிக் கொடுப்பாள். அவர் கட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஜாருக்குப் போவார். அந்த வாரமே மறுபடி எதையாவது தேய்ப்பார்.

ஷெர்லின் சேலத்தில் வேறொரு வங்கியின் கார்டு பிரிவில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த மினிமம் என்ன என்று அவளுக்கே புரிந்தது. ‘மினிமம் மட்டும் கட்டிடுங்க சார், உங்க அக்கவுண்ட் ரெகுலரா இருக்கும்.’ கம்பெனி எழுதிக் கொடுத்த வாக்கியம் அது. குரலில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் எதிர்முனையில் இருப்பவர்கள் நன்றி சொல்வார்கள். அந்த நன்றியைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள்மேல்தான். இவ்வளவு வயதாகியும் இதுகூடக் கேட்கத் தெரியாதா என்று.

ஊரடங்கு வந்தபோது அவளை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். ஏற்காட்டுக்கு ஒரு டூரிஸ்டும் வராத அந்தக் கோடையில், காலியாகக் கிடந்த அறை ஒன்றில் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மாதத்துப் புது வாக்கியம் தவணை விடுமுறை பற்றியது. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தால், அடுக்களையில் அப்பா போனும் கையுமாக முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார்.

“லீவு விட்டுட்டாங்க செல்வி! ஆறு மாசம் மினிமங்கூடக் கட்ட வேண்டாமாம். ஒரு பொண்ணு பேசுச்சு. என்னா மரியாத! அப்படியே நம்ம ஷெர்லினாட்டம்.”

“லீவு கட்றதுக்குத்தாங்கப்பா. வட்டிக்கு லீவு இல்ல. அது பாட்டுக்கு ஓடும். ஓடுன வட்டிய பாக்கியோட சேத்து, அதுக்கும் வட்டி போடுவாங்க.”

தேவசிகாமணி மகளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ உன் கஸ்டமருக்கெல்லாம் இதச் சொல்றியா?”

“கேட்டாச் சொல்லுவோம்.”

“பாத்தியா? அந்தப் பொண்ணு எங்கிட்டச் சொல்லல. அப்ப எனக்கு அது இல்ல.”

அதற்கு மேல் அந்த மனிதரிடம் பேச என்ன இருந்தது? அன்று சாயங்காலமே ஆட்டுக்கறி எடுத்துத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மினிமம் மிச்சமாம். லீவு முடிந்து வந்த செய்தியில் பாக்கி வீங்கியிருந்தது. அதையும் அவர் படிக்கவில்லை. கீழே பார்த்தார். மினிமமும் வீங்கியிருந்தது. “இதென்னடா அநியாயம்,” என்று சொல்லிவிட்டு மனைவியைத் தேடிப் போனார்.

ஆம்புலன்ஸ் ஏரியைத் தாண்டியது. கோடை சீசன். படகுத்துறைக்கு வெளியே டிக்கெட் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. வண்டியைப் பார்த்ததும் ஒரு பெண் ஐஸ்கிரீமை மறைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் சாமியானாவும் நாற்காலிகளும் வந்திருந்தன. லூர்துசெல்வி ஆஸ்பத்திரியிலிருந்து முதல் ஜீப்பிலேயே திரும்பிவிட்டாள். ராத்திரி கட்டியிருந்த அதே சேலையில் நின்றாள். பெட்டியை இறக்கியபோது அதைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். நல்லதா மட்டமா என்று கேட்கவில்லை. தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

சித்தப்பா சொன்னதில் ஒன்று உண்மையாக இருந்தது. ஊர் திரண்டு வந்தது.

“கை நீட்டுனா இல்லன்னு சொல்லாத மனுசனுங்க,” என்றார் கோயில் கமிட்டியின் சவரியப்பன். “எங்க பாட்டுக்காரங்களுக்கு ஒரு கீபோர்டு வேணும்னு சொன்னனுங்க. சொல்லி வாய மூடல. வாங்க சேலத்துக்குப் போலாம்னு கெளம்பிட்டாருங்க.”

“தங்கமான மனசு.”

“இந்தக் காலத்துல யாருங்க அப்படி?”

ஷெர்லின் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கமான மனசுக்கு ஒவ்வொரு மாதமும் ஹாஸ்டல் அடுப்பில் வெந்துகொண்டிருந்தவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம் என்று மட்டும் சொன்னார்கள். இவர்களில் யார் வீட்டிலெல்லாம் அப்பாவின் கார்டு உட்கார்ந்திருக்கிறது என்று ஷெர்லின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒரு முகத்தில் குக்கர் தெரிந்தது. ஒரு முகத்தில் மைக் செட்.

அப்பாவின் போன் அடித்தது. அது அவள் கையில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

“வணக்கம், தேவசிகாமணி சாருங்களா? நான் கார்த்தி பேசறேன் சார், உங்க கார்டு பேமெண்ட் விசயமா...”

“அவரு எறந்துட்டாரு. இன்னைக்குக் காலையில.”

மறுமுனையில் கம்ப்யூட்டர் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். சாவுக்கு உரிய கட்டத்தைத் திரையில் தேடுகிறான்.

“ஆழ்ந்த இரங்கல் மேடம். இந்தக் கஷ்டமான நேரத்துல...”

“உங்களத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்,” என்று மீதியை அவளே சொன்னாள். “அடுத்தது, நீங்க அவருக்கு என்ன வேணும்னு கேக்கணும். பொண்ணு. அதுக்கடுத்தது, குடும்பத்துல யாராச்சும் மினிமமாவது கட்ட முடியுமான்னு கேக்கணும். முடியாது. எழுதிக்கங்க.”

“மேடம், நீங்க...”

“நானும் உங்க தொழில்தான்.”

அத்தோடு அவள் போனை வைத்திருப்பாள், ஆனால் பெரியநாயகம் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். “யாரு, பேங்க்காரங்களா? குடு கண்ணு, பெரியவங்க பேசறோம்,” என்று போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, கூடத்துக்கே போய்விட்டார். செத்த வீட்டில் பொறுப்பாகப் பேசுகிறவர் யார் என்று நாலு பேர் பார்க்க வேண்டுமே.

“சொல்லுங்க தம்பி. நான் தம்பிதான், கூடப் பொறந்தவன்.”

கார்த்திக்கு உயிர் வந்தது. “சார், மொத்த பாக்கி நாலு லட்சத்துக்கிட்ட வருதுங்க. வீட்டம்மா பேருக்கு அத ஒரு லோனா மாத்திக் குடுத்துரலாம் சார். சின்னத் தவணைதான். சாருடைய பேரு கெடாம இருக்கும். துக்க வீடு, எங்களுக்கும் புரியும். முதல் மூணு மாசம் ஹாலிடே சார். ஒண்ணுமே கட்ட வேண்டாம்.”

பெரியநாயகத்தின் முகம் மலர்ந்தது. அதே மலர்ச்சி. அன்று அடுக்களையில் நின்ற முகத்தை அப்படியே எடுத்து இந்த முகத்தில் ஒட்டியதுபோல இருந்தது.

“மூணு மாசம் லீவாம் அண்ணி! நம்ம எடுத்து எழுதிக்கிறதுதான் மொற. அண்ணனைக் கடங்காரனாக் குழிக்குள்ள எறக்க முடியுங்களா? ஊரு என்னத்தப் பேசும்?”

லூர்துசெல்வி நிமிர்ந்து கொழுந்தனைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. சரி என்று சொல்லிவிடுவாள். இத்தனை வருஷமாக அந்த வார்த்தையைத் தவிர வேறு எதைச் சொன்னாள்?

“அம்மா, நீ ஒண்ணும் சொல்லாத,” என்றாள் ஷெர்லின். போனைப் பார்த்துக் கேட்டாள்: “கார்த்தி, கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்தக் கார்டுக்கு எங்கம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்களா?”

“இல்ல மேடம்.”

“எங்கப்பா பேர்ல வீடு, நெலம், டெபாசிட்டு, எதாச்சும் இருக்கா?”

“எங்க ரெக்கார்டுல... இல்லைங்க மேடம்.”

“அப்ப அவரு கடன எங்கம்மா கட்டணும்னு சட்டம் இருக்குதா?”

“கட்டாயம்னு சொல்லல மேடம். ஒரு நல்லெண்ணத்துல...”

“அந்த மூணு மாச லீவுல வட்டி ஓடுமா, ஓடாதா?”

“ஓடும் மேடம்.”

ஷெர்லின் சித்தப்பாவைப் பார்த்தாள். “கேட்டீங்களா? அண்ணன் பேரு கெடக் கூடாதுன்னா நல்லதுதாங்க. நீங்க உங்க பேருக்கு மாத்திக்கங்க. தம்பி லைன்லதான் இருக்குது. நாலு டயரு பாக்கிய மொதல்ல அதுல சேத்துக்கச் சொல்லுங்க.”

யாரோ இருமினார்கள். பெரியநாயகம் போனைத் தரையில் வைத்தார். அது சுடுகிறதுபோல வைத்தார். “எடம் பொருள் தெரியாமப் பேசறா,” என்று சாமியானாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வெளியே போய், பூமாலை எங்கே, பேண்டு செட் ஏன் வரவில்லை என்று சத்தம் போட ஆரம்பித்தார். சவரியப்பன் மேற்கூரையை ஆராய்ந்தார்.

லூர்துசெல்வி மகளைக் கையால் கூப்பிட்டாள். ஷெர்லின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

“நான் குடுத்ததெல்லாம்?”

“எதும்மா?”

“மாசாமாசம் மினிமத்துக்குக் குடுத்தனே. அது கழிஞ்சிருக்குமில்ல? எப்படி நாலு லட்சம் நிக்குது?”

இவ்வளவு நாள் இதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அப்பாவிடம் கத்தியிருக்கிறாள். இவளிடம் சொல்ல வேண்டும் என்று ஷெர்லினுக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. தன் குரலை அவள் தேடினாள். சர்க்கரை போட்ட குரல்தான் முதலில் வந்து நின்றது. அதைத் தள்ளினாள்.

“ஒரு லட்சம் பாக்கின்னு வெச்சுக்க. மினிமம்னு அஞ்சாயிரம் குடுத்திருப்ப. அதுல மூவாயிரத்து ஐநூறு வட்டி. வட்டிக்கு மேல வரி. எல்லாம் போக ஆயிரங்கூடக் கடன்ல கழியாது. அதுக்கும் மேலயே அவரு அந்த வாரம் தேய்ச்சிருப்பாரு. பழைய பாக்கி நின்னா புதுசா வாங்கறதுக்கும் அன்னிக்கே வட்டி ஆரம்பிச்சுரும்.”

“அப்ப கடனுக்கே போகல.”

“போகலம்மா.”

லூர்துசெல்வி பெட்டிக்குள் பார்த்தாள். கணவனின் மீசை ஓரத்தில் சாயம் போய் வெள்ளை தெரிந்தது. வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று சுற்றியிருந்த பெண்கள் கையைத் தயாராக வைத்துக்கொண்டார்கள். அவள் அழவில்லை. அவள் முகத்தில் ஷெர்லின் இதுவரை பார்த்திராத ஒன்று வந்து உட்கார்ந்தது. சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளி வைக்கிறவளின் முகம்.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு அந்தத் தம்பிட்டச் சொல்லிரு,” என்றாள்.

போன் இன்னும் தரையில் கிடந்தது. கார்த்தி லைனில்தான் இருந்தான். “கேட்டுச்சுங்க மேடம்,” என்றது போன். “வெக்கறனுங்க.”

சாயங்காலம் மழை பிடிக்கும் முன்பே அடக்கம் முடிந்தது. கோயிலில் அந்தக் கீபோர்டை வாசித்தார்கள். வட்டி ஓடிய பொருள் என்று யாரும் சொல்ல முடியாது, நன்றாகத்தான் ஒலித்தது. கல்லறைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே குழியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். ஷெர்லினும் போட்டாள். அழுகை வரும் என்று அவள் ஒரு ஓரமாகக் காத்திருந்தாள். வரவில்லை. பெரியநாயகம் ஒரு கைக்குட்டையை நனைக்கும் அளவு அழுதார். பனி இறங்கினால் மலைப்பாதை தெரியாது என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் காரை எடுத்துக்கொண்டு போனார். அண்ணியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இருட்டும் நேரத்துக்கு மழை கொட்டியது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு இரண்டு பேர் வந்தார்கள். இளம் ஜோடி. ஒரே குடை, இரண்டு பை. முழங்கால்வரை நனைந்திருந்தார்கள். அந்தப் பையன் போனை நீட்டினான்.

“ரூம் புக் பண்ணியிருந்தோம்ங்க. சார் போன் எடுக்கவே இல்ல. பஸ்ஸ்டாண்டுல கேட்டு வந்தோம்.” சாமியானாவையும் உதிர்ந்து கிடந்த பூவையும் அப்போதுதான் பார்த்தான். “எதும் விசேசங்களா?”

பக்கத்து வீட்டுப் பார்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷெர்லின், வேறு இடம் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

“சீசன்ல எங்கயும் எடம் இருக்காது,” என்றாள் லூர்துசெல்வி உள்ளேயிருந்து வந்து. தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு இருந்தாள். “உள்ள வாங்க சாமி. சித்த நேரம் உக்காருங்க. ரூம எடுத்து வெச்சுத் தாரேன்.”

“ஏனுங் செல்வி, இன்னைக்கா?” என்றாள் பார்வதி.

லூர்துசெல்வி சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஷெர்லின் பின்னால் போனாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் பகலெல்லாம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து எழுந்திருந்தார்கள். கசங்கிய விரிப்பை இழுத்துப் போட்டுவிட்டு, லூர்துசெல்வி அலமாரியிலிருந்து சலவை விரிப்பை எடுத்து உதறினாள். ஒரு முனையை மகளை நோக்கி வீசினாள். அறைக்குள் சோப்பு வாசம் பரவியது. வெளியே தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. இருவரும் குனிந்து, ஆளுக்கொரு பக்கம் விரிப்பை மெத்தைக்கு அடியில் செருகினார்கள்.

“உம்பக்கம் கொஞ்சம் இழு,” என்றாள் அம்மா.

ஷெர்லின் இழுத்தாள்.

“இன்னுங் கொஞ்சம்.”